பேனரில் நின்ற துர்கா

ஆரணி
14.9.2024

அன்புள்ள தங்கை சிவசங்கரிக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. போனில் பேசலாமென்றால் துர்கா பக்கத்திலேயே இருக்கிறாள். என் போனும் பாதி நேரம் அவள் கையில்தான்.

குப்புராஜ் அண்ணன் தன் பட்டுக்கடை விளம்பரத்துக்கு அவளைக் கேட்டபோது, "நம்ம பொண்ணு நாம நெய்த சேலைய கட்டிகினு நிக்கட்டுமே" என்று உன் மாமாதான் சம்மதித்தார். உன் ஸ்டுடியோவில், உன் கையால் படத்தைத் திருத்துவாய் என்றதும் எனக்கும் நிம்மதி. பேனர் வைத்த அன்று ஆசையாகப் பார்க்கப் போனோம். மேலே நின்றது என் பெண்ணே இல்லை. நிறம் வேறு, இடுப்பு பாதி, கன்னத்தைக் காணோம். பெற்றவளுக்கே அடையாளம் தெரியாதபடி என்னடி வேலை அது?

பள்ளிக்கூடத்தில், "பேனர் எங்க, நீ எங்க?" என்கிறார்களாம். இப்போது இரவுச் சாப்பாடே இல்லை. ஏதோ கிரீம் பூசி முகத்தில் தோல் உரிகிறது. கேட்டால், "சும்மா பேஜார் பண்ணிகினு இருக்காதம்மா" என்கிறாள். எனக்கு அலுத்துவிட்டது. நீயாவது அவளிடம் பேசு.

உன் அக்கா,
ஸ்வர்ணலதா


சென்னை
21.9.2024

அன்பு அக்காவுக்கு,

மாமாவுக்கு என் வணக்கம். எல்லாவற்றுக்கும் நான்தானா அக்கா? எங்களிடம் வரும் எந்தப் படமும் வந்தபடியே போவதில்லை. நடிகைகளுக்கும் இடுப்பைக் குறைக்கிறோம், கைக்குழந்தைக்கும் நிறம் ஏற்றுகிறோம். குப்புராஜ் அண்ணன் வேறு, "இன்னும் கொஞ்சம் சிவப்பாக்கும்மா, சேலை எடுப்பா தெரியணும்" என்று திருப்பித் திருப்பி அனுப்பினார். நம் துர்காவாயிற்றே என்று ஆசையாகத்தான் செய்தேன். தீபாவளி வரை பேனரை எடுக்க மாட்டாராம், கேட்டுவிட்டேன்.

துர்காவிடம் பேசினேன். "இடுப்ப கொறைக்க எவ்ளோ நேரம் ஆச்சு சித்தி?" என்றாள். பத்து நிமிடம் என்றேன். உடனே போனை வைத்துவிட்டாள்.

திருத்தாத படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். காட்டு. தான் எவ்வளவு லட்சணம் என்று அவளே பார்க்கட்டும். தீபாவளிக்கு வருகிறேன்.

அன்புத் தங்கை,
சிவசங்கரி


ஆரணி
5.10.2024

சிவசங்கரிக்கு,

படம் வந்தது. பார்த்ததும் என் பெண் வீட்டுக்குத் திரும்பி வந்ததுபோல் இருந்தது. துர்காவிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "சித்தி எதுக்கு இத கெடுத்து அனுப்பிருக்காங்க?" என்றாள். கை வைக்காத படம் இதுதான், இதுதான் நீ என்றேன். நம்பவில்லை. "என்னிய சாப்புட வைக்க ரெண்டு பேரும் சேந்துகினு படத்துல குண்டாக்கிட்டீங்க" என்கிறாள். இவளிடம் நான் எதைச் சொல்லிப் புரியவைப்பேன்?

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில், உடம்பில் ரத்தமே இல்லை, மனநல டாக்டரிடமும் காட்டுங்கள் என்றார்கள். வேலூருக்கு அழைத்துப்போய்க் காட்டிவருகிறேன். அவள் மயங்கி விழுந்த அன்று மாலையே உன் மாமா தறியை விட்டு எழுந்துபோய், ஏறிப் பேனரை அறுத்துப் போட்டார். குப்புராஜ் அண்ணன் கத்தியதை இவர் காதில் வாங்கவில்லை. ஆனால் துர்கா தன் அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். "அதுல ஒண்ணுலதான் நான் நல்லா இருந்தேன்" என்று அழுகிறாள்.

தீபாவளிக்கு நீ வர வேண்டாம். கோபத்தில் மட்டும் சொல்லவில்லை. உன்னைக் கண்டதும், "எங்கெங்க கொறைக்கணும் சித்தி?" என்று வந்து நிற்பாள். நீ வாயைத் திறக்கமாட்டாய், தெரியும். ஆனால் உன் கண் தானாக அளந்துவிடும். அதை அவள் பார்த்துவிடுவாள்.

ஸ்வர்ணலதா