முனீஸ்வரன் இலையில் ஒரு காலி இடம்

ஆடி கடைசி ஞாயிறு. ஏரிக்கரை முனீஸ்வரனுக்கு இந்த ஆண்டும் படையல் போட்டார்கள். சுருட்டுப் புகையும் கருவாட்டுக் குழம்பும் கலந்த வாசனை கரைமேட்டில் ஏறும்போதே என்னைப் பிடித்துக்கொண்டது. இலையில் சாராய பாட்டிலுக்கும் சுருட்டுக்கும் நடுவே ஓர் இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். புதிதாக வந்திருக்கும் காவல் ஆய்வாளர் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு போனார். முன்பெல்லாம் அந்த இடத்தில் ஒரு கஞ்சாப் பொட்டலம் இருக்கும். அதற்காகத்தான் நீ சிறைக்குப் போனாய்.

அது நீ உண்டாக்கிய வழக்கமல்ல. வேண்டிக்கொண்டவர்கள் கொண்டுவந்ததை மண்குதிரையின் பின்னால் வைப்பார்கள். அந்நேரம் பூசாரி ஏரியைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். எவர் எதை வைத்தார் என்று அவன் அறியலாகாது. இருப்பவன் கொடுத்ததும் இல்லாதவன் கொடுத்ததும் இலையில் ஒன்றாகக் கிடக்க வேண்டும் என்பதே அதன் நியாயம். ஆண்டில் ஒரு நாள் நீ பூசாரி. மற்ற நாளெல்லாம் உத்திரமேரூரில் ஒரு பள்ளிக்கு வேன் ஓட்டினாய். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு படையல் ஞாயிறு, குதிரைக்குப் பின்னால் இருந்தவற்றைக் கூடையில் வாரிக்கொண்டு நீ இலையை நோக்கி நடந்தபோது போலீசார் பிடித்தார்கள்.

செங்கல்பட்டில் கல்லூரி மாணவர்களுக்கு அரசமைப்பைக் கற்பித்துக்கொண்டிருந்த உன் நண்பன் நான், விசாரணை நாளில் நீதிமன்றத்தில் உனக்குப் பின்னால் நின்றிருந்தேன். பொட்டலத்தைக் கொடுத்தது யார் என்று கேட்டார்கள்.

"தெரியாதுங்க. நான் திரும்பி நின்னுக்கினு இருந்தேன்."

சிரித்தார்கள். உண்மையை மட்டுமே சொன்ன ஒருவனைப் பார்த்து ஓர் அறை முழுவதும் சிரித்ததை அன்றுதான் கண்டேன். உனக்கென அமர்த்தப்பட்ட வக்கீல், ஒத்துக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று உன் காதில் சொன்னார். கூடையில் இருந்ததா என்றார்கள், இருந்தது என்றாய். சீக்கிரம்தான் முடிந்தது. சில மாதச் சிறை.

முடியாதது அதற்குப் பின் தொடங்கியது. பள்ளி வேன் ஓட்டுபவர் மீது வழக்கு எதுவும் இல்லை என்று காவல்துறை சான்று தர வேண்டும். உனக்கு அது கிடைக்கவில்லை. வேறு பள்ளிகளிலும் கேட்டுப் பார்த்தாய். கடைசியில் நெல் அரவை ஆலையில் மூட்டை தூக்கப் போனாய். உமித்தூசு உன் மார்பில் குடியேறியது. பேருந்து நிலைய டீக்கடையில் நாம் உட்கார்ந்திருக்கும்போது உன் பழைய வேன் கடந்து போகும். நீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காதால் பார்ப்பாய்.

"செகண்டு கியர்லயே இஸ்துக்கினு போறான் பாரு. கிளட்சு அவன இன்னா பாவம் பண்ணுச்சி?"

மன்னிப்பு மனு எழுதலாம் என்று நான் சொன்னதும் அந்த டீக்கடையில்தான். தண்டனையை அனுபவித்து முடித்தவனின் பெயரிலிருந்தும் கறையை நீக்கும் அதிகாரம் ஆளுநருக்கு உண்டு என்று விளக்கினேன். நீ இருமிக்கொண்டே கேட்டாய்.

"இன்னா ப்ரொபசரு, நான் இன்னா பண்ணேன்னு மன்னிக்கப் போறாங்க? மன்னிப்பெல்லாம் எழுதாத. வண்டி ஓட்டணும்னு எழுது."

எழுதினேன். மன்னிப்பு என்ற சொல் இல்லாமல் அந்த மனு செல்லாது. ஆகவே நீ சொன்னதை அடியில் எங்கோ ஒரு பத்தியில் வைத்தேன். இந்நாட்டின் வடக்கே அரசின் உரிமம் பெற்ற கடைகளில் அதே செடியின் இலையைப் பாங்கு என்று அரைத்து விற்கிறார்கள் என்பதையும் எழுதினேன். பூவைக் கஞ்சா என்று தடுத்து, இலையை விட்டுவிட்டு, நடுவே சட்டம் கிழித்திருக்கும் கோடு எனக்குத் தெரியாததல்ல. ஒரு மனிதனின் பிழைப்பை எஞ்சிய ஆயுள் முழுவதும் மறித்து நிற்க அந்தக் கோட்டுக்கு என்ன தகுதி என்பதே என் கேள்வி. கடத்தி விற்றவனுக்காக நான் வாதாடவில்லை. கைப்பிடி அளவு வைத்திருந்து, தண்டனையையும் முடித்துவிட்டவனை இன்னும் எதற்காகத் தண்டிக்கிறீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. நினைவூட்டினேன். மனு பரிசீலனையில் உள்ளது என்றார்கள். நீ மூட்டை தூக்கினாய்; பிறகு தூக்க முடியாமல் உட்கார்ந்தாய்; பிறகு படுத்தாய். ஒவ்வொரு முறை பார்க்க வந்தபோதும் வேறெதையும் கேட்காமல், "சேதி இன்னாபா?" என்று மட்டும் கேட்டாய். கடைசி முறை அதையும் கேட்கவில்லை.

உன் காரியம் முடிந்த பிறகு ஒரு காவலர் விசாரணைக்கு வந்தார். மனுதாரர் எங்கே என்று உன் மனைவியைக் கேட்டார். உன் மனைவி கூடத்தில் மாலை போட்டிருந்த உன் படத்தைக் காட்டினார். அதன்பின் பதில் தாமதிக்கவில்லை: மனுதாரர் இறந்துவிட்டபடியால் மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது. நீ உயிரோடிருந்ததை ஆண்டுக்கணக்கில் பரிசீலித்தவர்கள், உன் சாவை ஒரே விசாரணையில் ஏற்றுக்கொண்டார்கள்.

நான் கோபத்தில் கத்துகிறவன் அல்லன் என்பது உனக்குத் தெரியும். எழுதுகிறேன். உன் கதை பரவிய பிறகு வேறு சிலர் என்னைத் தேடி வருகிறார்கள். நேற்று திருமுக்கூடலிலிருந்து ஒரு பெண் வந்தார். அவர் குற்றமும் உன்னுடையதைப் போலக் கைப்பிடி அளவுதான், தண்டனையும் முடிந்துவிட்டது. அங்கன்வாடியில் சமைத்துக்கொண்டிருந்தவரை இப்போது அடுப்படிக்குள் விடமாட்டோம் என்கிறார்களாம். மன்னிப்பு என்ற சொல்லை அவர் மனுவில் அடியில் தள்ளிவிட்டேன். முதல் வரி நீ சொன்ன மாதிரி இருக்கிறது: இவர் பிள்ளைகளுக்குச் சோறு சமைக்க வேண்டும்.