இலையில் விழுந்த சதுரம்

அன்பு மகளுக்கு,

இந்த நடுராத்திரியில் எழுத உட்கார்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே, ஆய்வுக்கூடத்திலிருந்து வந்து குளித்துச் சாப்பிட்டு அப்பாவின் குறட்டை தொடங்கிய பிறகுதான் மேசை எனக்குக் கிடைத்தது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி போய்விட்டது, மாடியில் ஏதாவது வேலை இருந்தால் மட்டும் திரும்பி வருகிறது. சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, தானே சரி செய்வதாகச் சொல்லி அடியில் ஒரு வாளி வைத்திருக்கிறார், அதுதான் அவர் செய்த சரி.

போன மாதம் நீ போனில், "நான் நல்லாத்தாம்மா இருக்கேன், நீ தினம் நாலு தடவை கேக்கறதாலதான் நல்லா இல்லாத மாதிரி ஆகுது" என்று சொல்லிவிட்டு வைத்தாய். அதற்குப் பிறகு நானும் கூப்பிடவில்லை, நீயும் கூப்பிடவில்லை. கோபமெல்லாம் இல்லை கண்ணு, கைதான் போன் பக்கமே போய்க்கொண்டிருந்தது, அதை வேலையில் கட்டிப்போட்டேன். அங்கே நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் டிடெக்டர் உனக்குத் தெரியும், எக்ஸ்ரே கதிர் ஒரு பொருளுக்குள் புகுந்து வரும்போது மறுபக்கம் அதை வாங்கிப் படமாக்கும் தகடு. உலோகம், எலும்பு என்றால் கவலையில்லை. இலை, தோல், பஞ்சு போன்றவை கதிரை அவ்வளவாகத் தடுக்காது, படம் மங்கலாக விழும், தெளிவுக்காக அதிக நேரம் கதிரைக் காட்டினால் பொருளே கெட்டுவிடும். பழைய தகட்டில் ஓர் இலையைத் திரும்பத் திரும்ப எடுத்தபோது நரம்புகளுக்கு நடுவே ஒரு திட்டு தெரிந்தது. எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை, யாரும் பார்க்காத திசு என்று சொல்லி அதற்குப் பெயர்கூட யோசித்தோம். பக்கத்து மேசை சந்தேக மாமா, காபி சூடா என்பதையே இரண்டு முறை அளந்து பார்ப்பவர், அவர் மட்டும் "இலைக்குள்ள எதாவது சதுரமா வளருமாம்மா" என்றார். அதே இடத்தை மறுபடி எடுத்தேன், திட்டு இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. வேறு இடத்தில் எடுத்தேன், அங்கேயும் ஒரு சதுரம் விழுந்தது. எங்கள் கதிர் வெளிவரும் சதுரத் துளையின் அளவேதான். இலையில் அப்படி ஒன்றும் இல்லை, நாங்கள் பார்த்துப் பார்த்தே உண்டாக்கியது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், எனக்கு மட்டும் போனில் உன் குரலில் நான் கண்டுபிடித்த சோர்வெல்லாம் ஞாபகம் வந்தது.

பிறகு தகட்டின் முன்னாலிருந்த மறைப்பை மெல்லியதாக்கி, உள்ளே குளிரவைத்து, துளிக் கதிர் வந்தாலும் தவறாமல் எண்ணும்படி செய்தோம். இன்று பத்தில் ஒரு பங்கு கதிரில் படம் நரம்பு நரம்பாக விழுந்தது. மறுபடி எடுத்தோம், சதுரம் இல்லை. மாமா இன்னொரு தடவையும் எடுக்கச் சொன்னார், பார்த்தார், போய் எனக்கும் சேர்த்துக் காபி வாங்கி வந்தார். அவரிடம் அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

இனி இதைவிடப் பலமான எக்ஸ்ரே கதிர் கிடைக்கும் பெரிய ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும், அது உன் ஊரில் இருக்கிறது, அடுத்த மாதம் ஒரு வாரம் வருகிறேன். டிடெக்டர் அங்கேயும் வேலை செய்யும், அதில் எனக்குத் துளியும் பயமில்லை. பயமெல்லாம் உன் கதவைத் தட்டுவதில்தான். விடுதியில் எனக்கு அறை தருகிறார்கள், ஆனால் உன்னோடு தங்கத்தான் ஆசை. "அவகிட்டக் கேட்டுட்டுப் போ, போய் நின்னுக்கிட்டுக் கேக்காதே" என்கிறார் அப்பா. வந்தால் உன் அலமாரியைத் திறக்க மாட்டேன், இளைத்துவிட்டாயா என்று கையைப் பிடித்துப் பார்க்க மாட்டேன், முதல் நாள் மட்டும் பார்ப்பேன். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்று மடியில் வைத்துக்கொண்டே கல்லூரிப் பரீட்சைக்குப் படித்தவள் நான், நீ இருமினால் புத்தகத்தை மூடிவிடுவேன், அந்தப் பழக்கம் லேசில் போகாது. கொஞ்சமாகப் பார்த்து நிறையத் தெரிந்துகொள்ள இப்போதுதான் பழகுகிறேன்.

எடுத்த வேலையில் நல்ல பேர் வாங்கி நோய்நொடி இல்லாமல் இரு. மழை வருகிறது, ஆபீஸுக்குக் குடை கொண்டுபோ, இது கேள்வி இல்லை, ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான். விடுதியா, உன் வீடா, ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா