கேமராவை நிறுத்த மறந்தபோது

ஜூன் 12

மூக்குக்கண்ணாடிக்காரருக்கு,

நான் நலம். நீங்களும் மகளும் நலம்தானே? போனில் பேசினால் நாலாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது, முக்கியமான விஷயத்தைக் கடிதத்தில் எழுதிக்கொள்வோம் என்று பேசி வைத்தோமே, அதன்படி எழுதுகிறேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. இந்தச் சுகம் இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்று.

போன வருஷம் என்னை ‘ஆன்ட்டி’ என்று கூப்பிட்ட பிள்ளைகள் இப்போது ‘அக்கா’ என்கிறார்கள். இன்னும் ஒரு வருஷம் படித்தால் தங்கச்சி ஆகிவிடுவேன்.

கடைசி வருஷத்துக்கு ஆளுக்கொரு அனிமேஷன் படம் செய்ய வேண்டும். என் படத்தில் ஒருவர் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். வாசல் மணி அடிக்கிறது. எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறார். கதை அவ்வளவுதான், சிரிக்காதீர்கள். வரைந்ததைப் பார்த்துவிட்டு எங்கள் டீச்சர், “உங்க ஆளு எழுந்திருக்கல, பறக்கிறாரு. உடம்புல கனமே இல்லையே” என்றார். உண்மைதான். நம் கடையில் லென்ஸ் மாட்டிக்கொண்டே பில் தாளின் பின்பக்கம் வரைந்ததெல்லாம் முகங்கள். கவுன்டருக்கு மேலே தெரிவது அதுதானே. கழுத்துக்குக் கீழே மனிதனுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதை இப்போதுதான் படிக்கிறேன்.

இங்கே எல்லோரும் முதலில் யாரையாவது அந்த அசைவைச் செய்யச் சொல்லி வீடியோ எடுக்கிறார்கள். அதை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு பிரேமாகப் பார்த்து வரைகிறார்கள். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? சாப்பாட்டு மேஜை முன்னால் உட்காருங்கள். மணி அடித்ததும் எழுந்திருங்கள். மகள் எடுக்கட்டும். போனில் அனுப்பினால் படம் மங்கிவிடும், மெமரி கார்டில் போட்டு அனுப்புங்கள். தயவுசெய்து நடிக்காதீர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். லீவுக்கு நான் வரக் கிளம்பியபோது, “வராதே, அங்கேயே இருந்து படத்தை ஆரம்பி” என்றீர்களே. உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்து நினைத்து நெகிழ்ந்து போனேன். நன்றி.

இப்படிக்கு,
உங்கள் மாணவி

ஜூன் 21

பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு,

இரண்டு பக்கக் கடிதத்தில் ‘சாப்பிட்டீர்களா’ என்று ஒரு வரி இல்லை. குறித்துக்கொண்டேன்.

மெமரி கார்டு உள்ளே இருக்கிறது. சட்டையை இஸ்திரி போட்டு, மீசையை ஒதுக்கி, தலைக்கு மையும் பூசிக்கொண்டேன். முதல் தடவை எழுந்ததும் மகள், “அப்பா, பெல் அடிச்சதுக்கு எழுந்திரிக்கிறீங்களா, இல்ல தேசியகீதத்துக்கா?” என்று கேட்டாள். பிறகு வேகமாக, நிதானமாக, சிரித்துக்கொண்டே என்று விதவிதமாக எழுந்து காட்டியிருக்கிறேன். பிடித்ததை எடுத்துக்கொள்.

கடையில் எல்லோரும் ‘படம் போடற அம்மா எங்க?’ என்று கேட்கிறார்கள். “காலேஜ்ல படிக்குது” என்றால், மகளைச் சொல்கிறேன் என்று நினைத்து, “நல்லா படிக்கட்டும்” என்று வாழ்த்திவிட்டுப் போகிறார்கள். நானும் திருத்துவதில்லை. வாழ்த்து வந்தால் சரி.

உன்,
கதாநாயகன்

ஜூலை 6

கதாநாயகருக்கு,

சாப்பிட்டீர்களா? கேட்டுவிட்டேன்.

நீங்கள் விதவிதமாக எழுந்து காட்டியதில் ஒன்றுகூட உதவவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். உதவியது கடைசித் துண்டு. மகள் “முடிஞ்சுதுப்பா” என்று போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், கேமராவை நிறுத்த மறந்துவிட்டாள். நீங்கள் தனியாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். பிறகு எழுந்திருக்கிறீர்கள். அதைத்தான் வரைந்தேன். டீச்சர் பார்த்துவிட்டு, “இப்பதான் இந்த ஆளுக்குக் கனம் வந்திருக்கு. யாரு இவரு?” என்றார். “எங்க வீட்டுக்காரர்” என்று வகுப்புக்கே கேட்கும்படி சொன்னேன்.

சந்தோஷமாக இருந்தது. ஆனால் பார்ப்பது வேறு, வரைவது வேறு. பார்க்கும்போது ஒரு மனிதர் எழுந்திருக்கிறார். வரையும்போது எந்தக் கால் எவ்வளவு தாங்குகிறது என்று என் கைக்குத் தெரிந்தாக வேண்டும். உங்கள் இடது கால் எதையுமே தாங்கவில்லை. எழுவதற்கு முன்னால் உங்கள் கண் மேஜை விளிம்பைத் தேடுகிறது. பாதியில் ஒருமுறை நின்று பல்லைக் கடிக்கிறீர்கள். சும்மா எழுந்திருக்கிறவர் யாரும் பிடிக்க இடம் தேடமாட்டார்.

ஏன் லீவுக்கு வரவேண்டாம் என்றீர்கள்? இத்தனை மாதமாக வீடியோ காலில் உங்கள் முகம் மட்டும் ஏன் தெரிகிறது? மகளைக் கேட்க மாட்டேன், அவளைப் பொய் சொல்ல வைக்க எனக்கு மனமில்லை. நீங்களே எழுதுங்கள். பதில் வரும் வரை படத்தைத் தொடப்போவதில்லை.

நான்

ஜூலை 12

என் அன்பானவளுக்கு,

மாட்டிக்கொண்டேன். இப்படிப் பிரேம் பிரேமாகக் கணவனை ஆராயச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று தெரிந்திருந்தால் உனக்கு ஃபீஸே கட்டியிருக்க மாட்டேன்.

மார்ச்சில் விழுந்தேன். கடையில் மேல் தட்டிலிருந்து கண்ணாடி ஃபிரேம் பெட்டியை எடுக்க ஸ்டூலில் ஏறினேன், ஸ்டூல் ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம் போனேன். முழங்காலில் எலும்பு விரிசல் விட்டுவிட்டது. கட்டுப் போட்டுப் படுத்திருந்தேன். கட்டைப் பிரித்துவிட்டார்கள், ஆனால் கால் முன்னே மாதிரி இல்லை. பழைய மாதிரி ஆகுமா என்று கேட்டால் டாக்டர், “பார்க்கலாம்” என்கிறார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. உனக்காக விதவிதமாக எழுந்து காட்டியதில் இரண்டு நாள் படுத்தேவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏன் மறைத்தேன்? சொல்லியிருந்தால் நீ அடுத்த பஸ்ஸில் வந்திருப்பாய். வருவது தப்பில்லை, ஆனால் திரும்பிப் போயிருக்க மாட்டாய். மகளுக்குக் காய்ச்சல், என் அம்மாவுக்கு ஆபரேஷன், கடைக்கு இடம் மாற்றம் என்று நீ எத்தனை தடவை காலேஜ் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டாய் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை கிழிக்கிற காரணம் நானாக இருக்கக் கூடாது என்று தோன்றியது. அவ்வளவுதான். மகளைத் திட்டாதே, அவள் சமைத்து, படித்து, என்னையும் தூக்கி நிறுத்தினாள்.

பெட்டி கட்டாதே. படத்தை முடி.

உன் பொய்க்காரன்

ஜூலை 17

பொய்க்காரருக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் பெரிய பெட்டியைத்தான் எடுத்தேன். எல்லாவற்றையும் திணித்தேன். பக்கத்து அறைப் பெண், “என்னக்கா, ஒரேயடியா போறீங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. உட்கார்ந்து உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். அழுதேன். உங்களை நாலு திட்டு திட்டினேன். பிறகு இரண்டு புடவையை மட்டும் சின்னப் பைக்கு மாற்றினேன். பெரிய பெட்டி இங்கேயே இருக்கும்.

சனிக்கிழமை வருகிறேன், செவ்வாய்க்கிழமை திரும்புகிறேன். வந்ததும் திட்டை நேரிலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருங்கள்.

படத்தின் முடிவை மாற்றிவிட்டேன். மணி அடிக்கிறது, அவர் பிடிக்க இடம் தேடுகிறார், எழ முடியவில்லை. அப்போது வெளியிலிருந்து சாவி திரும்புகிற சத்தம். மணி அடித்தவளிடம் சாவி இருக்கிறது. உள்ளே வந்து கையை நீட்டுகிறாள். அந்தக் கையை எப்படி வரைவதென்று தெரியவில்லை. கனத்தை வாங்கிக்கொள்ளும்போது கை எப்படி இருக்கும் என்று நானே பார்க்க வேண்டும். மகளிடம் போனைத் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

நாலு மாதம் வலியைப் பொறுத்துக்கொண்டு எனக்கு இந்தப் படிப்பைக் கொடுத்திருக்கிறீர்கள். இதற்கு நன்றி என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன், நன்றி.

உங்கள் மாணவி

நவம்பர் 30

ஓவியக்காரிக்கு,

உங்கள் காலேஜ் திரையிடலுக்கு வந்துவிட்டுப் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் மகள் தூங்கினாள், நான் உன் படத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

படம் முடிந்ததும் அரங்கில் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். நான் மட்டும் உட்கார்ந்தே தட்டினேன். பக்கத்து இருக்கைக்காரர் என்னை ரசனை கெட்ட மனுஷன் என்று நினைத்திருப்பார். “சார், திரையில வந்தது நான்தான்” என்று சொல்லலாமா என்று பார்த்தேன். அதற்குள் நீ மேடையிலிருந்து இறங்கி வந்து கையை நீட்டிவிட்டாய். ஊருக்கே பார்வை சரிசெய்து கொடுக்கிற தொழில் என்னுடையது. என்னை அவ்வளவு உற்றுப் பார்த்தது நீ ஒருத்திதான். அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும், அங்கே கூட்டத்தில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

படம் பார்க்க வந்திருந்த அனிமேஷன் ஸ்டூடியோக்காரர், படிப்பு முடிந்ததும் அந்த ஊரிலேயே வேலை தருகிறேன் என்றதற்கு நீ, “வீட்ல கேட்டுச் சொல்றேன்” என்றாயாம். மகள் சொன்னாள். என்னைக் கேட்கப் போவதில்லை, என் முழங்காலைக் கேட்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். அதனால் அதன் பதிலையே உள்ளே வைத்திருக்கிறேன்.

புது மெமரி கார்டு. இஸ்திரி இல்லை, மை இல்லை. மணி அடித்ததும் எழுந்திருக்கிறேன். மேஜையைப் பிடிக்கவில்லை. நடிக்கிறேன் என்று நீ சொல்வாய், அதனால் மகளிடம் கேமராவை நிறுத்தாமல் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். மத்தியானம் முழுக்க ஓடியிருக்கிறது. சாப்பிடுகிறேன், செய்தித்தாள் படிக்கிறேன், எழுகிறேன், உட்காருகிறேன். நடுவில் ஒரு தடவை சுவரைப் பிடித்தேன், அதையும் வெட்டவில்லை.

பிரேம் பிரேமாகப் பார். பார்த்துவிட்டு வேலைக்குச் சரி என்று சொல்லிவிடு.

உன்,
கண்ணாடிக்காரன்