ரிலீவர் வரும்வரை

அன்புள்ள அப்பாவுக்கு, உமா வணக்கத்துடன் எழுதுவது. நெய்வேலியில் நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா? போனில் சொன்னால் பாதிதான் உங்கள் காதில் விழுகிறது, அதனால் எழுதுகிறேன்.

டவுன்ஷிப்பில் சும்மா கிடந்த சைக்கிள் ஸ்டாண்டை ஒரே இடம் பல வேலைக்கு ஆகும்படி மாற்றினேன். ஆறு மணிக்கு யோகா, ஏழு மணிக்குக் காய்கறிக் கடை, மாலையில் டியூஷன். முதல் நாளே எட்டரை ஆகியும் யோகாக்காரர்கள் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர்கள்.

"நேரமாச்சு சார்" என்றேன். அவர்களில் ஒருவரான கருணாகரன் சார் சவாசனத்தில் மல்லாந்தபடியே, "அடுத்த ஷிப்டுக்கு ரிலீவர் வராம எப்படிம்மா எடத்த விடறது?" என்றார்.

பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்த காய்கறிக்கார செங்கமலம் அக்கா கூடையைப் போட்டுவிட்டு அலறினார்: "ஐயோ, வரிசையா படுத்துகினு இருக்காங்களே, யாருக்கும் ஒண்ணும் ஆவலயே?"

கருணாகரன் சார் எழுந்து, "கூரை ஓகே, லைட்டு ஓகே" என்று அவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத்தான் போனார்.

அடுத்த பார்சலில் எள்ளுப் பொடியும் உங்கள் பழைய துண்டு ஒன்றும் வையுங்கள். துவைக்க வேண்டாம்.

பொங்கலுக்கு லீவு கேட்டேன். "உங்களுக்கு ரிலீவர் யாரும்மா?" என்கிறார் ஆபீசர். என் மாதிரி சிவில் இன்ஜினியர் யாராவது நம் கோவில்பட்டியில் சும்மா இருந்தால் உடனே பஸ் ஏற்றிவிடுங்கள்.

அவசரத்துடன்,
உமா