சம்பந்தியிடம் சொல்ல ஒரு கொரியச் சொல்

ஜூன் 7, சனி

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் கூடியது, பெய்யவில்லை. ஆத்தூரில் சேலம் பஸ் ஏறி அயோத்தியாப்பட்டணத்தில் இறங்கினேன். கொரிய மொழி வகுப்பு, இரண்டாவது வாரம். மருந்துக் கடைக்கு மேல் மாடி. மின்விசிறி ஒன்று, ஆட்கள் எட்டுப் பேர்.

மற்ற ஏழும் கல்லூரிப் பிள்ளைகள். கொரிய சீரியல் பார்த்துப் பார்த்து வந்ததுகள். ஐம்பது வயதில் நான் ஒருத்தி. என்னை ஆன்ட்டி என்கிறார்கள். பாடம் எடுக்கும் நிவேதாவுக்கே இருபத்து மூன்றுதான்.

எழுத்து வேண்டாம் கண்ணு, எனக்கு ரெண்டே ரெண்டு வரி போதும் என்றேன். கேட்கவில்லை. எழுத்தோடுதான் ஆரம்பிப்பாளாம். வட்டம், கோடு, வட்டத்துக்குக் கீழே கோடு. மண்டை காய்ந்தது.

வாங்க வேண்டியது: பெருங்காயம், அவருக்கு பிரஷர் மாத்திரை, சத்துணவு மையத்துக்கு ஒரு பூட்டு.

ஜூன் 9, திங்கள்

பள்ளியில் முட்டை வந்தது. மூன்று உடைசல். அமைப்பாளர் நான்தான் என்பதால் ஆயா கூட என்னைத்தான் முறைக்கிறாள், நானே உடைத்தது மாதிரி.

மகள் தாரணியிடமிருந்து போன். கொரியாவில் மழையாம். நான்கு வருடமாக அங்கேதான், பேட்டரி ஆராய்ச்சி. அவள் கட்டிக்கொள்ளப் போகிற பையன் பெயர் சங்மின். அதே ஆராய்ச்சிக்கூடம். அவனுடைய அம்மா பெண் வீட்டார் வாயால் ஒரு வார்த்தை கேட்காமல் கல்யாணத் தேதி வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்களாம். நியாயம்தானே. நம்மூர்ச் சம்பந்தி மாதிரியே இருக்கிறார்கள்.

"22ஆம் தேதி ஞாயித்துக்கிழமை வீடியோல பேசலாம்மா. அப்பாவும் வருவாரா?"

கேட்டுச் சொல்றேன் சாமி என்றேன். கேட்க வேண்டியதில்லை. போன் அடித்ததுமே இவர் எழுந்து தென்னைக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். பொங்கலன்று தாரணி விஷயத்தைச் சொன்னபோது இவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "வெவரம் தெரியாத புள்ள. எவனோ ஆட்டி வைக்கிறான், ஆடுது. இனி எங்கிட்டப் பேச்சு வேணாம்." அன்றோடு சரி. ஆறு மாதமாகப் போகிறது. சேகோ மில்லில் ஜவ்வரிசிக் கணக்கு எழுதுகிற ஆளுக்கு இவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்ததோ.

ஆக, பேச வேண்டியவள் நான் ஒருத்திதான்.

ஜூன் 14, சனி

வாழப்பாடி தாண்டும் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. கால் வீக்கம்.

வகுப்பு முடிந்ததும் நிவேதாவைத் தனியாகப் பிடித்தேன். எனக்கு வேண்டியது இதுதான் கண்ணு என்று சொன்னேன். பெண் கொடுக்கும்போது பெற்றவள் சொல்கிற சொல். "ஒண்ணுந் தெரியாத புள்ளைங்க. தப்புத் தண்டா இருந்தாப் பொறுத்துக்கோங்க. உங்க புள்ளையாட்டம் பாத்துக்கோங்க." நான் பிறந்த நாமக்கல் பக்கம் இதைச் சொல்லாமல் எந்தத் தாம்பூலத் தட்டும் கை மாறியதில்லை.

நிவேதா முழித்தாள். "பொண்ணு பிஎச்டி பண்றாங்கன்னீங்க? புத்திசாலின்னு சொல்லித் தரட்டா ஆன்ட்டி?"

"பெத்தவளே புத்திசாலின்னு சொல்லிக்குவாளாக்கும்? கண்ணு பட்டுப் போயிருமல்ல."

சரி என்று உட்கார்ந்தாள். ஒரு சொல் என்று நினைத்தால் நாலு இருக்கிறதாம். குறித்துக்கொண்டேன்:

ஒரிதா: வயது சின்னது. அவ்வளவுதான். (தாரணிக்கு 28. சரிப்படாது.)
யுச்சிஹாதா: சிறுபிள்ளைத்தனம். திட்டும்போது சொல்வது. (வேண்டவே வேண்டாம்.)
மிசுகாதா: கை பழகாதது, வேலை தேறாதது. (சமையலுக்கு வேண்டுமானால் பொருந்தும்.)
சொரொப்தா: வயசு வந்தும் விவரம் வராதது. எது எங்கே எப்படி என்று தெரியாதது.

நாலாவதுதான் என்றேன். "கொஞ்சம் கனமான வார்த்தை ஆன்ட்டி. ஆனா சீரியல்ல அம்மாமார் சொல்லிக் கேட்டிருக்கேன்" என்றாள். அம்மாமார் சொன்னால் நானும் சொல்லலாம்தானே? சொல்லலாம்தான், ஆனால் சொல்கிற விதம் இருக்கிறது என்றாள். என்ன விதம் என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

பேசும்போது சொரொப்சொயோ என்று வர வேண்டுமாம். பஸ்ஸில் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

ஜூன் 18, புதன்

குழம்புக்குப் புளி அதிகம். பிள்ளைகள் மிச்சம் வைத்தார்கள்.

அரிசி அளக்கும்போது என்னையறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சமையல் செய்யும் சரோஜா கரண்டியோடு நின்றாள். "என்னங்க அது, தேள்கடி மந்திரங்களா?"

விஷயம் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு தாளவில்லை. அப்புறம் கேட்டாள். "அந்த ஊர்ல இப்படிச் சொல்ற வழக்கம் இருக்குங்களா? இல்லாட்டி நெசமாலுமே புள்ளைக்கு ஏதோ கொறைன்னு எடுத்துக்குவாங்களே."

இதை நான் யோசிக்கவே இல்லை. நிவேதாவுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. தாரணியையே கேட்டுவிடலாமா? கேட்டால் சொல்ல வேண்டாம் என்பாள். சொல்லாமல் எப்படிப் பெண் கொடுப்பது? ஒன்றும் சொல்லாமல் கொடுத்தால் திமிர் பிடித்த குடும்பம் என்று நினைக்க மாட்டார்களா?

ஒரே குழப்பம். தலைவலி மாத்திரை ஒன்று.

ஜூன் 22, ஞாயிறு

கிளிப்பச்சைப் புடவை. பூ வைத்துக்கொண்டேன், பிறகு எடுத்தேன், பிறகு வைத்தேன். பத்தே முக்காலுக்கே இவர் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். "வாரீங்களா இல்லியா" என்று ஒரு தடவை கேட்டேன். கேட்டைச் சாத்திக்கொண்டு நடந்தார்.

பதினொரு மணி. போனுக்குள் மூன்று பேர். நடுவில் அந்த அம்மா. குட்டை முடி, சாம்பல் சட்டை, சிறிய சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர்களாம். கையைப் பார்த்தாலே தெரிந்தது, உழைத்த கை. தலை குனிந்து வணங்கினார்கள். நான் கும்பிட்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம்.

சொன்னேன். முதலில் வணக்கம். பிறகு என் மகள், பிறகு இன்னும், பிறகு சொரொப்சொயோ. பிறகு பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற அந்த நீளமான வரி. ஒரு இடத்திலும் தட்டவில்லை.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்கள். கண் கலங்கின மாதிரி இருந்தது. அப்புறம் தன் மகன் முதுகில் ஒரு தட்டு தட்டி என்னவோ சொன்னார்கள். அதில் சொரொப்சொயோ காதில் விழுந்தது! இவனும் அப்படித்தான் என்கிறார்கள். நான் சிரித்தேன், அவர்களும் சிரித்தார்கள். நாலாயிரம் மைல் தாண்டி எனக்கு ஒரு சம்பந்தி கிடைத்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்படி ஒரு சந்தோஷம்.

தாரணி மட்டும் சிரிக்கவில்லை.

கடைசியில் அவர்கள் ஒன்று கேட்டார்கள். தாரணி என் முகத்தைப் பார்க்காமல் தமிழில் சொன்னாள். "அப்பா எப்பப் பேசுவாருன்னு கேக்கறாங்க. அவரும் ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் தேதி வைக்கலாங்கறாங்க."

மாலை அவளே தனியாகக் கூப்பிட்டாள். எப்படி சாமி பேசினேன் என்று கேட்டேன்.

"எனக்காகன்னு ஒரு கொரியன் வார்த்தை கத்துக்கிட்ட. உனக்கு வேற வார்த்தையே கிடைக்கலியாம்மா?"

"எல்லாரும் சொல்றதுதானே…"

"அப்பா என்னை அதே வார்த்தையச் சொல்லித்தான் ஒதுக்கி வெச்சாரு. நீ அதையே மனப்பாடம் பண்ணி அவங்ககிட்டச் சொல்ற. எனக்கு இருவத்தெட்டு வயசும்மா. காய்ச்சல்னு படுத்தாலும் நானேதான் கஞ்சி வெச்சுக் குடிக்கறேன்."

வைத்துவிட்டாள். நான் போட்டேன். எடுக்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

ராத்திரி மழை. வாசலில் சேறு. தாரணி போன் எடுக்கவில்லை. மூன்று தடவை.

இவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், மோர் ஊற்றிக்கொண்டார், சிரித்தார்.

"நான் தமிழ்ல சொன்னத நீ கொரியன்ல சொல்லிட்ட. அவ்வளவுதான?"

அவ்வளவுதானா? இல்லை. அவர் சொன்னது வசவு. நான் சொன்னது மரியாதை. அவர் சொன்னது அவளை ஒதுக்க. நான் சொன்னது அவளை அவர்கள் ஒதுக்கிவிடக் கூடாதென்று. ஆனால் வார்த்தை ஒன்றுதானே. கேட்கிறவளுக்கு எப்படித் தெரியும்? அந்த அம்மாவுக்குத் தெரிந்ததே. மொழியே தெரியாத இரண்டு பேருக்குள் புரிந்தது, நான் பெற்றவளுக்கு ஏன் புரியவில்லை?

பதில் எழுதலாம் என்று இந்தப் பக்கத்தை விட்டு வைத்தேன்.

ஜூன் 26, வியாழன்

முட்டை எண்ணிக்கை தப்பு. இரண்டு தடவை எண்ணி இரண்டு விதமாக வந்தது.

என் கல்யாணம் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. எனக்கும் அம்மா அதைத்தான் சொன்னார்கள். பக்கத்து அறையில் இருந்தேன், கேட்டது. அப்போது நான் பன்னிரண்டாவது முடித்தவள். வீட்டில் ஏழு பேருக்குச் சோறாக்கி, இரண்டு எருமை கறந்துவிட்டு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனவள். கோபம் வரவில்லை. அம்மா எனக்காகக் கெஞ்சுகிறார்கள் என்றுதான் தோன்றியது. அழுகைதான் வந்தது.

இந்த வீட்டில் என்ன ஆயிற்று? மாமியார் அதை அப்படியே நம்பிவிட்டார்கள். எதைக் கேட்டாலும் "உனக்கு ஒண்ணுந் தெரியாது, நீ சும்மா இரு." வீடு கட்டினபோது சமையலறை எந்தப் பக்கம் என்று கூட என்னைக் கேட்கவில்லை. அடுப்புக்கு நேரே வெயில் விழுகிற மாதிரி கட்டி வைத்திருக்கிறார்கள். இன்றுவரை முகம் எரிகிறது. இதற்கும் அம்மா சொன்ன சொல்லுக்கும் சம்பந்தம் உண்டா? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இத்தனை வருடம் நினைக்காததை இந்த வாரம் நினைக்க வைத்துவிட்டாள் தாரணி.

சாயங்காலம் இவரிடம் நேராகவே சொன்னேன். "பொங்கலுக்கு நீங்க அந்தப் பேச்சப் பேசாம இருந்திருந்தா நான் சொன்னது அவளுக்கு வசவாத் தெரிஞ்சிருக்காதுங்க. அங்க ஒரு பொம்பள உங்க ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க."

இவர் எழுந்து போகவில்லை. அதுவே புதிது.

ஜூன் 28, சனி

வகுப்புக்குப் போகவில்லை. நிவேதா போன் செய்தாள். எப்படிப் போச்சு ஆன்ட்டி என்றாள். நல்லாப் போச்சு கண்ணு என்றேன். பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை.

துணி காயவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

தோசைக்கு ஆட்டிக்கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தத்தில் முதலில் கேட்கவில்லை. நிறுத்தினதும் முன் அறையில் இவர் குரல். "தாரணி, அப்பா பேசறேன்."

மாவுக் கையோடு நின்றேன். ஆறு மாதத்துக்கு அப்புறம். அந்தப் பக்கம் அவள் அழுகிறாள் போல. இவர் தொண்டையைக் கனைத்துக் கனைத்து ஒவ்வொரு சொல்லாகத் தேடினார். சாப்டியா. மழையா அங்க. அந்தப் பையன் என்ன வேலைக்குப் போவான். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. சாமி, பேசிட்டாரு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் சொன்னார். "அம்மா சொன்னத மனசுல வெச்சிக்காத. அவளுக்கு என்ன தெரியும்? வெவரம் இல்லாம சொல்லிட்டா. நீதான் பொறுத்துப் போவணும்."

நல்ல மனதோடுதான் சொன்னார். எங்களைச் சேர்த்து வைக்கத்தான் சொன்னார். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. இப்படித்தான் குத்தியிருக்கும் அவளுக்கும்.

உள்ளே வந்து போனை நீட்டினார். "இந்தா, உன் பொண்ணு." முகத்தில் அப்படி ஒரு பெருமை.

முந்தானையில் கை துடைத்து வாங்கினேன்.

"அம்மா, நீ தெரியாமத்தான் சொன்னேன்னு அப்பா சொல்றாரு. நெசமா?"

ஆமாம் என்றிருந்தால் முடிந்திருக்கும். என்னவோ, வாய் வரவில்லை.

"இல்ல சாமி. தெரிஞ்சுதான் சொன்னேன். நாலு வார்த்தையில பாத்துப் பாத்துப் பொறுக்கிச் சொன்னேன். தப்புன்னா அது எந்தப்புத்தான்."

வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். இல்லை, மூச்சு கேட்டது.

"சரிம்மா" என்றாள். அப்புறம், "அப்பாகிட்டக் குடு. எப்ப அவங்களோட பேசறாருன்னு கேக்கணும்."

கொடுத்தேன். எதற்குச் சரி என்றாள், தெரியவில்லை. இவர் போனை வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தார். மன்னிப்பு வாங்கிக் கொடுத்தால் வேண்டாம் என்கிறாளே, இவளுக்கு என்ன ஆயிற்று என்கிற பார்வை. கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் எனக்கு என்ன தெரியும் என்று இந்த மனுஷன் முதன்முதலாக இன்றைக்குத்தான் யோசிக்கிறார்.