எங்களிடம் இல்லாத சாவி

என் செல்லத்துக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? பாப்பா பள்ளிக்கூடத்தில் அழாமல் உட்காருகிறாளா?

கடிதம் வந்திருக்கிறதே என்று பதறாதே. போன வாரம் பாத்திரம் கழுவும்போது என் போன் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் ஆபீசுக்கு அரசு அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு நிருபர் எங்கள் செயலியில் யாரோடு என்ன பேசினார் என்று காட்ட வேண்டுமாம். பேசிக்கொள்ளும் இருவரின் போனில் மட்டுமே அந்தப் பேச்சைத் திறக்கும் சாவி உண்டு, எங்களிடம் கிடையாது என்றேன்.

"பூட்டு செஞ்சவன்கிட்டயே சாவி இல்லையா? யார் காதுல பூ சுத்துறீங்க?" என்றார் மூத்தவர்.

செத்த போனை மேசைமேல் வைத்தேன். "என் பொண்ணு பேசி அனுப்புனதெல்லாம் இதுல இருக்கு சார். சாவியும் இதோட போச்சு. வழி இருந்தா முதல்ல எனக்குத் திறந்திருக்க மாட்டேனா?"

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ எங்களுக்குன்னு ஒரு சாவி செஞ்சு கொடுங்க."

"மாட்டோம் சார். அது எல்லார் வீட்டையும் திறந்துடும்."

என் குரல் நடுங்கவே இல்லை, தெரியுமா! இனி கோர்ட்டுக்கு இழுப்பார்கள். இழுக்கட்டும், எங்கள் வக்கீலம்மா கெட்டிக்காரி.

என் பழைய ஸ்வெட்டரை அனுப்பு. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது, முடிக்கிறேன்.

உன்னவன்

பி.கு.: உன் தம்பி புதுப் போன் வாங்கித் தந்தால் வாங்கிக்கொள். பழையதை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே. பாப்பா முதன்முதலில் 'அப்பா' என்று சொன்னது இப்போது அதில் மட்டும்தான் இருக்கிறது.