ஆசிட் என்று சொன்னார்கள்

எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டையை இன்று காலை பிரித்தேன். கால்சியம். அந்தச் சுண்ணாம்புச் சுவை நாக்கில் ஒட்டியதும் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். நான் அழுவதை யாரும் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. உங்களுக்குத் தெரியும்.

குரோம்பேட்டையில் நீங்கள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்கு ஒரு ஆயுதபூஜை அன்று வந்திருந்தேன். குவாரிக் கல்லைப் பொடித்துக் கரைத்து அதில் என்ன இருக்கிறதென்று சொல்வது உங்கள் வேலை. கல்லைக் கரைக்கும் அந்தத் திரவம் கண்ணாடியையும் தின்றுவிடும் என்பதால் பிளாஸ்டிக் பாட்டிலில் வைத்திருந்தீர்கள். பாட்டில்களுக்குச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த உதவியாளர் முனுசாமியிடம், "இது என்னப்பா?" என்றீர்கள்.

"ஆசிட்டு சார்."

"முழுப் பேர்?"

"ஹைட்ரோ... இன்னா சார் நீ, அத்த சொல்றதுக்குள்ள வாய் சுளுக்கிகினு பூடும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்காமல், "ஹைட்ரோஃப்ளூரிக்" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னீர்கள். மற்ற ஆசிட் தோலைப் பொசுக்கும். இது தோலில் பெரிதாக ஒன்றும் காட்டாமல் உள்ளே இறங்கி, ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இதயம் நின்றுவிடும். மேலே பட்டால் முதலில் தண்ணீர், துணியைக் களைய வேண்டும், கால்சியம் களிம்பு தடவ வேண்டும், ஆஸ்பத்திரியில் பெயரைச் சொல்ல வேண்டும். வீட்டில் என்னிடமும் இதையே ஒப்பிக்க வைத்தீர்கள்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு பிற்பகல், அந்தப் பாட்டில் சரிந்து உங்கள் மடியில் கொட்டியது. கையுறையை மாட்டிக்கொண்டு உங்களைக் குழாயடியில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றியதும், களிம்பு தடவியதும் முனுசாமிதான். நீங்கள் சொல்லித் தந்ததில் எதையும் அவர் விடவில்லை, கடைசி ஒன்றைத் தவிர.

நான் பாடம் நடத்திய பள்ளிக்கூடத்துக்குப் போன் வந்து, ஆட்டோவில் ஜி.எஸ்.டி. ரோடு நர்ஸிங் ஹோமுக்கு நான் ஓடி வந்தபோது, நீங்கள் ஈரத் துண்டோடு வாசல் பெஞ்சில் கிடந்தீர்கள். உள்ளே சேர்க்கவில்லை. பதற்றத்தில் முனுசாமி, "சாருக்கு ஆசிட்டும்மா, ஆசிட்டு!" என்று கத்தியிருக்கிறார். நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "எவ்ளோ குடிச்சாரு?" நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு இரண்டே உபயோகம்தான். பாத்ரூம் கழுவுவார்கள், இல்லையென்றால் குடிப்பார்கள்.

"குடிச்சதுன்னா போலீஸ் கேஸ், மேடம். இங்க எடுக்க மாட்டோம். ஜி.எச். கொண்டு போயிடுங்க" என்றார் டூட்டியில் இருந்த இளம் டாக்டர்.

"குடிக்கலை. மேலே கொட்டிடுச்சு."

"புண்ணே காணோமே? லேசா செவந்திருக்கு, அவ்ளோதான்."

நீங்கள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தீர்கள். "உன் கான்வென்ட் இங்கிலீஷை எடுத்து விடேன். பேரைச் சொல்லு. கால்சியம் ஊசி போடச் சொல்லு." உதடு கோணச் சிரித்தீர்கள். வகுப்பில் சொல்வதுபோல எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவர் அப்படியொரு பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. பெரிய டாக்டரைக் கேட்கப் போனைச் சுழற்றினார். லைன் கிடைக்கவில்லை.

டாக்ஸி பிடித்தோம். மீனம்பாக்கம் தாண்டும்போது உங்கள் விரல்கள் உள்ளே மடங்கி இறுகின. நான் பிரிக்கப் பிரிக்க அவை மடங்கின. கிண்டி வருவதற்குள் தானாகவே தளர்ந்துவிட்டன.

உங்களைச் சேலையூர் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, பந்தலுக்கு வெளியே இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"ஆசிட்டைக் குடிச்சிட்டாராமே. என்ன கஷ்டமோ?"

"அந்த டீச்சரம்மா வாயைப் பத்தித் தெரியாதா உனக்கு?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. நம் மகள் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவளுக்கு அப்போது பாவாடை கட்டும் வயது.

ஊரார் பேச்சு ஒரு பொருட்டில்லை என்று இத்தனை வருஷமும் நிமிர்ந்தே நடந்தேன். போன மாதம் பெங்களூரிலிருந்து அவள் போன் செய்தாள். மருந்து, மழை, வேலைக்காரி எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் கேட்டாள்.

"அம்மா, கோவிச்சுக்காதே. இப்பவாவது நிஜத்தைச் சொல்லு. அப்பா குடிக்கலைதானே?"

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். "சரிம்மா" என்றாள். வகுப்பில் புரியாத பிள்ளைகளும் அப்படித்தான் சொல்வார்கள். ஞாயிறுதோறும் அவள் பேசுகிறாள். நான் மறுபடியும் முதலிலிருந்து சொல்கிறேன்.